நோட்டை மூடும் நேரம்

சொந்தத் துயரத்தை எழுத உட்காருகிறவர்களுக்குத் துணையிருக்கும் வேலையில், எழுத ஆரம்பிப்பதைவிட நிறுத்துவதைத்தான் அதிகம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. எழுதும்போது கை ஓடிக்கொண்டிருக்கும். எழுந்து அடுப்படிக்குப் போனபின் பலருக்கு உடைந்துவிடும்.

1986இல் அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பெயலும் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். கசப்பான அனுபவத்தை எழுதியவர்களுக்கு அந்த நேரத்தில் மனம் கனத்தது. நடந்ததையும் அதன் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் மருத்துவரைத் தேடிப் போனது குறைந்தது. ஆக, கனத்தால் பயப்பட வேண்டாம். ஆனால் அது 15 நிமிடக் கணக்கு. ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய எழுதுவதற்குப் பொருந்தாது. காலையில் எழுதுங்கள், அலாரம் வையுங்கள், வாக்கியம் பாதியில் நின்றாலும் மூடுங்கள். அடுத்த அரைமணிக்குக் கைவேலை ஒன்று முன்கூட்டியே தயாராக இருக்கட்டும்: கீரை ஆய்வது, துணி மடிப்பது.

இடமும் முக்கியம். காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றிய அறைகள் இருட்டு. சுவரெல்லாம் பெரியவர்கள் படம். சம்பவம் நடந்த வீடே அதுவென்றால் உள்ளே உட்கார வேண்டாம், தெரு தெரியும் திண்ணைக்கு வந்துவிடுங்கள். பழைய கடிதத்துக்காகப் பெட்டகத்தைத் திறப்பதை வேறொரு நாளுக்கு வையுங்கள். வாசனை, யோசிக்கும் முன்பே மூளையின் உணர்ச்சிப் பகுதியைத் தொட்டுவிடும். நாட்காட்டியும் ஏமாற்றும்: இறந்த தேதியைக் குறித்துவைப்பவர் திதியை மறந்துவிடுவார், அது ஆண்டுக்காண்டு நகரும். இரண்டையும் குறித்து, அந்த வாரம் எழுதாதீர்கள்.

நெஞ்சு படபடத்தால் பேனாவைக் கீழே வைத்து வெறுங்காலை ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஊன்றுங்கள். அதன் குளிர்ச்சி, பூ வடிவம், நிறம் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். 4 எண்ணி மூச்சை இழுத்து 6 எண்ணி விடுங்கள். விடும்போது துடிப்பு தணியும். திரும்ப எழுதும்போது ‘கதவு திறக்கிறது’ என்பதை ‘திறந்தது’ என்று மாற்றுங்கள், ‘நான்’ என்பதை ‘அந்தப் பெண்’ என்று. நிகழ்காலம் படிக்க விறுவிறுப்பாக இருக்கும், எழுதுகிறவரை அந்த அறைக்குள்ளேயே தள்ளிவிடும்.

மறுநாளே முழுதையும் படித்துத் திருத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. 2 வாரமாவது ஆறட்டும். வீட்டில் காட்டுவதையும் தள்ளிப்போடுங்கள். “இப்ப எதுக்கு ஆத்தா இதெல்லாம்?” என்று ஆச்சி ஒரு வார்த்தை கேட்டால் போதும், நோட்டு பரணுக்குப் போய்விடும்.

தூக்கம் தொடர்ந்து கெட்டாலோ, அதே காட்சி பகலிலும் ஓடினாலோ எழுத்தை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். சாகலாம் என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால் தாமதிக்காமல் வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸ் எண் 14416, இரவிலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்கிறோம். கலங்கிய நேரத்தில் யாரும் போனில் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள்.