நுளம்பு பட் பழக்கிய கை

திருகோணமலையில் தரம் 6 பிள்ளை ஒன்றின் கையில் பூப்பந்து ரக்கெட்டைக் கொடுத்துப் பாருங்கள். தட்டையாக, தோசைக்கரண்டி போலத்தான் பிடிக்கும். பிள்ளையில் பிழையில்லை, வீட்டில் முதல் பயிற்சி கொடுத்தது நுளம்பு அடிக்கிற பட்.

அந்தப் பிடியில் முன்னங்கை சுழலாது. அடியெல்லாம் தோளிலிருந்து வரும், கொஞ்ச நேரத்தில் "சேர், கை நோகுது". இடப்பக்கம் ஷட்டில் வந்தால் தன்னைத்தானே கட்டிப்பிடிக்க வேண்டியதுதான். ரக்கெட்டின் விளிம்பு நிலத்தைப் பார்க்க நிறுத்தி, கைப்பிடிக்குக் கைலாகு கொடுக்கச் சொல்லுங்கள். கோழிக்குஞ்சைப் பிடிக்கிற இறுக்கம் போதும். ஷட்டில் படும் கணத்தில் மட்டும் விரல்கள் இறுக வேண்டும். குஞ்சு என்றதும் மிகவும் இளகி ரக்கெட்டையே பறக்கவிடும் ஒருவன் எந்த வகுப்பிலும் இருப்பான். ஆகவே ஆளுக்காள் 3 மீற்றராவது இடைவெளி.

நெட் கட்டத் தையல் நாடா ஒன்று போதும். நடுவில் இருக்க வேண்டிய உயரம் 1.524 மீற்றர், அதாவது நாடாவின் 60 அங்குலமும் சரியாக. கம்பங்களில் 1.55.

பிறகு காற்று. இங்கே கச்சான் என்றால் கொறிக்கிறதும் உண்டு, ஷட்டிலைப் பறிக்கிறதும் உண்டு. ஐந்து கிராம் எடையுள்ள பொருள் அதோடு மல்லுக்கட்டாது. திறந்த மைதானத்தில் கோர்ட்டின் நீளம் காற்றின் திசையிலேயே இருக்கட்டும். குறுக்கே போட்டால் பிள்ளைகள் பழகுவது பொறுக்குவதை மட்டும்தான். நீளவாட்டில் போட்டாலும் ஒரு பக்கத்தார் அடிப்பதெல்லாம் வெளியே, மறுபக்கத்தார் அடிப்பது நெட்டைத் தாண்டாது; ஐந்து நிமிடத்துக்கொரு தடவை பக்கம் மாற்றாவிட்டால் சண்டை. இறகு ஷட்டில் வீண்செலவு, நைலோனே நல்லது. அதிலும் பச்சைப் பட்டி போட்டது. சூட்டில் காற்று அடர்த்தி குறைந்து ஷட்டில் தூரம் போகும் என்பதால் வேகம் குறைந்த அந்த வகைதான் நமக்குப் பொருந்தும். இடையில் மான் கோர்ட்டுக்குள் வந்தால் 'லெட்' கொடுத்து அந்தப் புள்ளியைத் திரும்ப ஆடுங்கள், அதற்கு எல்லைக்கோடு தெரியாது.

சேர்விஸில் ஷட்டிலை மேலே எறியவே வேண்டாம். இறகு நுனியைப் பிடித்து, ரக்கெட்டுக்கு முன்னால் வைத்து, விட்டுத் தள்ளினால் போதும். அடிபடும்போது முழு ஷட்டிலும் 1.15 மீற்றருக்குக் கீழே இருக்க வேண்டும். இந்த வயதுக்கு அது கிட்டத்தட்ட தோளளவு. இதில் எழும் வழக்குகளுக்குத் தனி நீதிமன்றம் வேண்டும்.

தலைக்கு மேல் அடிதான் கடினம். பக்கவாட்டில் நில், இடக்கையை உயர்த்து, முழங்கை முன்னே வரட்டும் என்று தொண்டை வறளச் சொன்னாலும் நேரே நின்று நுளம்புதான் அடிப்பார்கள். ஷட்டில் வேப்பமரத்தில் சிக்கும் வரை பொறுங்கள். அதை விழுத்தச் செருப்பைக் கழற்றி எறிகிறவனைப் பாருங்கள்: பக்கவாட்டு நிலை, உயர்ந்த இடக்கை, முன்னே வரும் முழங்கை, எல்லாம் அச்சொட்டாக இருக்கும். உடனே "அப்பிடியே நில்லடா!" என்று கத்தி, வெறுங்கையில் ரக்கெட்டைத் திணியுங்கள். செருப்பு மரத்தில் இருக்கட்டும்.