தோள்பட்டை வலிக்கு இழப்பீடு: அந்த 48 மணி நேரத்தை எப்படி நிரூபிப்பது?

அமெரிக்காவில் ஃப்ளூ ஊசி போட்டபின் கையைத் தூக்க முடியாமல் போனால், எடுத்தவுடன் ஊசி தயாரித்த கம்பெனிமேல் கேஸ் போட முடியாது. 1986-ல் வந்த தடுப்பூசி இழப்பீட்டுத் திட்டச் சட்டப்படி முதலில் வாஷிங்டனில் உள்ள ஃபெடரல் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். எதிர்மனுதாரர் சுகாதாரத் துறைச் செயலர். ஜூரி கிடையாது, அந்த நீதிமன்றம் இதற்கென நியமித்த ஸ்பெஷல் மாஸ்டர் என்ற அதிகாரி விசாரிப்பார். கோவிட் ஊசி இதில் வராது. அதற்குத் தனித் திட்டம், ஊசி போட்டு ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

கெடு மூன்று ஆண்டு. டாக்டர் நோயைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அல்ல, முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து. இந்த வித்தியாசம் தெரியாமலே பலருடைய உரிமை போய்விடுகிறது.

ஊசியால் வரும் தோள்பட்டைக் காயத்துக்குச் சிர்வா (SIRVA) என்று பெயர். எந்த ஊசிக்கு எந்தப் பாதிப்பு, எவ்வளவு நேரத்துக்குள் என்று பட்டியலிடும் திட்ட அட்டவணையில் இது 2017-ல் சேர்ந்தது. ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். அந்தத் தோளில் முன்பு கோளாறு இருந்திருக்கக் கூடாது. வலியும் அசைவுக் குறைவும் அந்தத் தோளோடு நிற்க வேண்டும். வேறு காரணம் தென்படக் கூடாது. இவை பொருந்தினால் ஊசிதான் காரணம் என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை.

சிக்கல் வருவது டாக்டர் குறிப்பில்தான். ஊசி போட்டு மூன்று மாதம் கழித்துப் போனவர் "கொஞ்ச நாளா வலிக்குது" என்று சொல்ல, குறிப்பில் "மூன்று வாரமாக இடது தோள் வலி" என்று ஏறிவிடும். அரசு வழக்கறிஞர் முதலில் பிடிப்பது அந்த வரியைத்தான். நடுவில் சளிக்காகப் போனபோது தோளைப் பற்றிப் பேச்சே இல்லை என்றால் அதையும் எடுத்து வைப்பார். ஆகவே முதல் தடவையே ஊசி போட்ட தேதி, எந்தக் கை, வலி எப்போது தொடங்கியது என்று சொல்லி எழுத வைக்க வேண்டும். ஊசிச் சீட்டில் கை மாறிப் பதிவாகியிருப்பதும் சகஜம், உடனே பாருங்கள்.

குறிப்பு தவறாக இருந்தாலும் கதவு அடைபடவில்லை. பதிவில் இல்லாத தொடக்க நாளை மற்ற சாட்சியங்களை வைத்து ஏற்கச் சட்டம் இடம் தருகிறது. வீட்டாரின் பிரமாணப் பத்திரம், அன்றிரவு அனுப்பிய குறுஞ்செய்தி எல்லாம் அங்கே உதவும். ஆனால் மருத்துவப் பதிவோ மருத்துவர் கருத்தோ இல்லாமல் மனுதாரர் வாய்ச்சொல் மட்டும் செல்லாது.

பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்ததையும் காட்ட வேண்டும். நாலாம் மாதமே பிசியோதெரபியை நிறுத்திவிட்டால் இதற்கு ஆதாரம் தேடி அலைய வேண்டியிருக்கும்.

அட்டவணைக்குள் அடங்காவிட்டால் 2005-ல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்த ஆல்த்தன் தீர்ப்பு கேட்கும் மூன்றையும் நிறுவ வேண்டும்: ஊசி இப்படிப் பாதிக்கலாம் என்று விளக்கும் மருத்துவக் கோட்பாடு, இவருக்கு ஊசியால்தான் வந்தது என்று காட்டும் காரண காரியத் தொடர்ச்சி, பொருத்தமான கால இடைவெளி. நிபுணர் அறிக்கை இல்லாமல் இது நடப்பது அரிது. வலிக்கும் வேதனைக்குமான தொகை 2,50,000 டாலரைத் தாண்டாது. நியாயமான அடிப்படையோடு நல்லெண்ணத்தில் போட்ட மனு தோற்றாலும் வக்கீல் கட்டணத்தை இந்த இழப்பீட்டுத் திட்டமே தரலாம். வெல்லும் தொகையில் வக்கீல் பங்கு கேட்கக் கூடாது.