விலைபோனீர்களா என்று கேட்பதற்கு முன்

கொழும்பில் டிரான்ஸ் என்ற மின்னணு நடன இசையைக் கேட்கும் இருவர் ஓரிடத்தில் அமர்ந்தால், தேநீர் ஆறுவதற்குள் ‘அவர் விலைபோய்விட்டார்’ என்ற குற்றச்சாட்டு எழுந்துவிடும். அந்த ‘அவர்’ பெரும்பாலும் தியெஸ்டோவாக இருப்பார். சில வேளைகளில் ஆர்மின் வான் பூரன். நெதர்லாந்தைச் சேர்ந்த இந்த இரு டிஜேக்களையும் உச்சிக்கு ஏற்றியது ரசிகர்களின் வாக்குத்தான் என்பது பேச்சின் சூட்டில் மறந்துபோகும். டிஜே மேக் என்ற பிரித்தானிய இதழ் ஆண்டுதோறும் நடத்தும் வாக்கெடுப்பில் 2002 முதல் 2004 வரை தியெஸ்டோ, 2005இலும் 2006இலும் பால் வான் டைக், 2007 முதல் 2010 வரை ஆர்மின் எனத் தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் முதலிடம் டிரான்ஸ்காரர்களிடமே இருந்தது. புகழையே வெறுத்த ஒரு கூட்டம் இப்படி ஆண்டு தவறாமல் வாக்களித்திருக்காது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், தமிழ் வானொலி ஒன்றில் இரவு நிகழ்ச்சி நடத்தும் உறவுக்காரத் தம்பி ஒருவர். பெயர்பெற்ற டிரான்ஸ் டிஜே ஒருவரைக் காணொளி அழைப்பில் நேர்காணும் வாய்ப்புக் கூடிவருவதாகவும், முகவர் கால் மணி நேரத்துக்கு மேல் தரமாட்டார் என்றும் சொல்லி, ‘அண்ணா, கேள்விகளை ஒருக்கால் பார்த்துத் திருத்தித் தாருங்கோ’ என்று அனுப்பியிருந்தார். உறுதியாகும்வரை டிஜேயின் பெயரை வெளியிடக் கூடாது என்று நிலையத்தில் சொல்லியிருப்பதால் நானும் அதை இங்கே எழுதவில்லை. தம்பியின் முதற்கேள்வி, ‘பணத்துக்காகத்தானே டிரான்ஸைக் கைவிட்டீர்கள்?’ என்பது.

துணிச்சலான கேள்விதான், ஆனால் அதனால் எந்தப் பயனும் வராது. இத்தகைய டிஜேக்கள் இக்கேள்வியை ஆண்டுக்கணக்காகக் கேட்டுவருகிறார்கள். கலைஞன் வளர வேண்டும், ஒரே இடத்தில் நிற்க முடியாது என்ற மறுமொழி அவர்களிடம் தயாராக இருக்கும். பக்கத்தில் முகவரும் கேட்டுக்கொண்டிருப்பார். ஆர்மின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துத் தேறியவர் என்பதையும் இங்கே நினைவூட்டலாம். குற்றச்சாட்டுக்கு எதிர்வாதம் செய்ய அவருக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை.

குற்றச்சாட்டில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 2004 ஆகஸ்டில் ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில், நாடுகளின் அணிகள் மைதானத்துக்குள் நடந்துவந்தபோது தியெஸ்டோ நேரடியாக இசைத்தார். வெள்ளவத்தையில் அதைத் தொலைக்காட்சியில் பார்த்த எங்களுக்கு அது தனிப்பட்ட வெற்றியாகத் தோன்றியது. நாங்கள் மட்டும் காதில் மாட்டிக் கேட்டுவந்த ஒன்றை உலகமே கேட்கிறதே என்று பூரித்தோம். விற்றுவிட்டார் என்று அன்று ஒருவரும் சொல்லவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2009இல், டிரான்ஸிலிருந்து விலகிப் பாடகர்களோடு சேர்ந்து ஓர் இசைத்தொகுப்பை அவர் வெளியிட்டபோதுதான் அந்தச் சொல் பிறந்தது. ஆகவே எங்களை உறுத்தியது கூட்டத்தின் பெருக்கம் அன்று. இசையின் உருவம் மாறியதுதான் உறுத்தியது. இந்த வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்காமல் விவாதிப்பதால்தான் பல இரவுகள் வீணாகியிருக்கின்றன.

உருவம் மாறியது என்றால் என்ன என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பழைய டிரான்ஸ் ஆக்கம் ஒன்று ஏழு, எட்டு நிமிடங்கள் நீளும். தொடக்கத்திலும் முடிவிலும் ஏறத்தாழத் தாளம் மட்டுமே ஒலிக்கும். முந்தைய ஆக்கத்தின் வாலோடு அடுத்ததன் தலையைப் பொருத்திக் கேட்பவர் அறியாமலே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்திச் செல்ல, டிஜேக்கு அந்த இடைவெளி தேவை. நடுப்பகுதியில் அடித்தாளம் முற்றாக நின்றுவிடும். மெட்டு மட்டும் தனித்து மிதக்கும்; பின்னர் அது படிப்படியாக ஏறி, இனித் தாங்க முடியாது என்ற நிலையில் தாளம் திரும்ப வந்து விழும். அந்த விழுதலின் இன்பம் முழுவதும் அதற்கு முன்னிருந்த காத்திருப்பில்தான் இருக்கிறது. வானொலிக்காக இதை மூன்றரை நிமிடமாக வெட்டும்போது முதலில் போவது தாளப் பகுதிகள், அடுத்துக் குறைவது காத்திருப்பு. எஞ்சுவது மெட்டும் ஒரு பாடகரின் குரலும் மட்டுமே.

இந்த வெட்டை இன்றைய வருமான முறை இன்னும் கூர்மையாக்கியிருக்கிறது. ஸ்பொட்டிஃபை என்ற இணையவழி இசைச் சேவையில் ஒரு பாடல் 30 விநாடிகள் ஒலித்தால்தான் அது ஒருமுறை கேட்கப்பட்டதாகக் கணக்கில் சேரும். அதற்குப் பிறகு அது மூன்று நிமிடப் பாடலா எட்டு நிமிட ஆக்கமா என்பது அந்தக் கணக்கில் வேறுபாட்டை உண்டாக்காது. முதல் ஒரு நிமிடத்துக்கு வெறும் தாளத்தை வைத்திருப்பவர் தாமாகவே நட்டத்தைத் தேடிக்கொள்கிறார். ஒரு டிஜேயின் பேராசையை நோக்கி நீட்டும் விரலை இந்தக் கணக்கை நோக்கியும் சற்றுத் திருப்பலாம்.

எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றுவது 2013ஆம் ஆண்டுதான். அவ்வாண்டில் ஆர்மின் ஒரு பாடகரோடு சேர்ந்து வெளியிட்ட பாப் பாடல் பல நாடுகளில் வெற்றி பெற்றதோடு, கிராமி விருதுக்கான பரிந்துரையையும் அவருக்குப் பெற்றுத் தந்தது. பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். அவர் 2003இல் கூட்டாளிகளோடு தொடங்கிய ஆர்மடா என்ற இசை வெளியீட்டு நிறுவனம், அதே 2013இல், நிமிடத்துக்கு 138 தாள அடிகள் என்ற வேகத்தில் ஓடும் பழைய பாணி டிரான்ஸுக்கென்றே, ‘138ஐக் கண்டு யாருக்குப் பயம்’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு துணை வெளியீட்டு முத்திரையைத் தொடங்கியது. பாப் பாடலும் அங்கேதான், பாப் பாடலை வெறுப்பவர்களுக்கான மருந்தும் அங்கேதான். போதாததற்கு, கடினமான ஆக்கங்களை வெளியிட அவருக்கு கயா என்ற இரண்டாவது பெயரும் இருக்கிறது. எங்கள் கோபத்துக்கும் ஒரு கடை திறக்கப்பட்டது. நாங்களும் அதன் வாடிக்கையாளர்களானோம். இதைச் சொன்னால் தூய்மைவாதிகளான நண்பர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

வாடிக்கையாளர் என்று எழுதியதும் கொஞ்சம் மிகைதான். பணம் கொடுப்பவர்தானே வாடிக்கையாளர்? பம்பலப்பிட்டியில் வாங்கிய படியெடுத்த இறுவட்டுகளும், ஆர்மின் 2001 முதல் வாரந்தோறும் நடத்திவரும் வானொலி நிகழ்ச்சியை யாரோ பதிவுசெய்து இணையத்தில் ஏற்ற நாங்கள் இரவு முழுவதும் தரவிறக்கிய கோப்புகளுமே எங்கள் தலைமுறையின் டிரான்ஸ். அந்த நிகழ்ச்சியை ஆயிரமாவது வாரம் வரை, அதாவது 2021 வரை கொண்டுசெல்லும் செலவை வேறு எங்கோ நுழைவுச்சீட்டு வாங்கியவர்களும் அந்த பாப் பாடலை வாங்கியவர்களும்தான் சுமந்திருக்க வேண்டும். வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் நடந்த வாக்குவாதத்தில் நண்பன் ஒருவன் இதைத்தான் முகத்துக்கு நேரே கேட்டான்: ‘மச்சான், நீ அவருக்கு ஒரு சதம் குடுத்தனியா? பிறகு எதை வித்தவர் எண்டு கேக்கிறாய்?’

இதற்குச் சரியான பதில் அன்று யாரிடமும் இல்லை. பிறகு யோசித்தபோது, பணம் கொடுக்காதவருக்குக் கருத்தே இருக்கக் கூடாது என்பதும் பொருந்தாது என்று பட்டது. பால் வான் டைக் கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்தவர்; மதிலுக்கு அப்பால் மேற்கு பெர்லினிலிருந்து ஒலிபரப்பான வானொலியைக் கேட்டே இசையறிவை வளர்த்துக்கொண்டவர். அவரும் அந்நாளில் யாருக்கும் ஒரு காசும் கொடுக்கவில்லை. ஆனால் கேட்டதை ஊன்றிக் கேட்டார்.

நம்மவர்க்கு இந்த வழக்குப் புதிதன்று. திருவிழா இரவில் நாதஸ்வர வித்துவான் ஒரு ராகத்தை விரித்து வாசித்துக்கொண்டிருக்கும்போது, முன்வரிசையிலிருந்து சினிமாப் பாட்டுக் கேட்டுத் துண்டுச்சீட்டு போகும். வாசித்தால் பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். வாசிக்காவிட்டால் இளைஞர்கள் எழுந்துபோவார்கள். வாசித்ததற்காக அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ராகத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வாசித்தாரா, முடித்துவிட்டு வாசித்தாரா என்பதைக் கட்டாயம் கவனிப்பேன்.

தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்த கேள்விகள் இந்தத் திசையில்தான் போகின்றன. எந்த ஆக்கத்தை வெட்டும்போது மனம் வரவில்லை, வெட்டச் சொன்னவர் யார் என்று கேட்கலாம். இரண்டு மணி நேர இசைப்பில் தாம் வீட்டில் ஒருபோதும் கேட்காத பாடல்கள் எத்தனை சேர்கின்றன, திருவிழா மேடையில் ஒரு மணி நேரமே தரப்படும்போது காத்திருப்புப் பகுதியை எப்படிக் காப்பாற்றுகிறார், கூட்டம் கைப்பேசியைத் தூக்கிப் படம்பிடிக்கத் தொடங்கிய பிறகு அந்தப் பகுதியின் நீளம் மாறியிருக்கிறதா என்று கேட்கலாம். இரண்டாவது பெயர் வைத்திருப்பவராக இருந்தால், அந்தப் பெயரில் வெளியிட்ட ஒன்றைத் தம் சொந்தப் பெயரில் வெளியிட ஏன் தயங்கினார் என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும். ‘வளர்ச்சி’ என்ற ஒற்றைச் சொல்லால் இவற்றிலிருந்து தப்பிவிட முடியாது; ஏதாவது ஒரு ஆக்கத்தின் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தம்பியின் முதற்கேள்வியை நான் அடித்துவிடவில்லை. இரவு நிகழ்ச்சியின் நேயர்கள் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள் என்று அவர் வாதாடியதில் நியாயம் இருக்கிறது. கடைசிக்கு மாற்றியிருக்கிறேன், அதைக் கேட்டதும் முகவர் அழைப்பைத் துண்டித்தாலும், மற்றப் பதில்கள் அதற்குள் பதிவாகியிருக்கும்.