கைக்கு அருகே ஒரு வெளிச்சம்

பொழுது சாய்ந்த பிறகு என் அம்மா பருப்பில் கல் பொறுக்குவதில்லை. பகலில் முறத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் அமர்ந்துவிடும் அவர், விளக்குப் போட்ட பின் அந்த வேலையைத் தொடவே மாட்டார். பல ஆண்டுகளாக அதை அவருடைய பழக்கம் என்றே எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு ஓர் இரவு, கத்தரிக்காய் நறுக்கும்போது அவர் விரலில் கத்தி பட்டது. காயத்துக்குத் துணி சுற்றிவிட்டு மேடையருகே நான் போய் நின்றபோதுதான், வெட்டுப்பலகை முழுவதும் என் நிழலால் மூடிக் கிடப்பதைக் கண்டேன். அவர் நின்றபோதும் அப்படித்தான் இருந்திருக்கும்.

எங்கள் சமையலறையில் டியூப்லைட் கதவுக்கு மேலே இருக்கிறது, மேடையோ எதிர்ச்சுவரில். மேடையைப் பார்த்து நிற்பவருக்கு வெளிச்சம் எப்போதும் முதுகுப் பக்கமிருந்தே வருகிறது. இது புரியாமல், முதலில் 20 வாட் விளக்கைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிதாக ஒன்றை மாட்டினேன். அறை பளிச்சென்று ஆனது, ஆனால் நிழல் அதே இடத்தில் அப்படியே விழுந்தது. சமைப்பவருக்கும் சுவருக்கும் நடுவில், கைகளுக்கு மேலே ஒரு விளக்கு இருந்தாலொழிய அந்த நிழல் போகாது.

வெளிச்சத்தின் அளவிலும் தூரத்துக்கே முதலிடம். சிறிய பல்பு ஒன்றிலிருந்து விலகும் தூரம் இரண்டு மடங்கானால், அதன் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பத்தடி உயரக் கூரையில் தொங்கும் பல்புக்கும் மேசைப் பரப்புக்கும் இடையே ஏறத்தாழ 225 சென்டிமீட்டர் இருக்கும். அதே பல்பை 45 சென்டிமீட்டருக்கு இறக்கினால் தூரம் ஐந்தில் ஒன்றாகிறது. நேர் கீழே விழும் வெளிச்சமோ 25 மடங்காகிறது. அரிக்கேன் விளக்கைச் சுற்றி அமர்ந்து ஒரு தலைமுறை படித்து முடித்ததும், அந்தச் சிறு சுடர் புத்தகத்துக்கு அவ்வளவு அருகில் இருந்ததால்தான்.

மேடைக்கு மேல் இரண்டடி உயரத்தில் இருந்த மேல் அலமாரியின் அடியில், எலக்ட்ரீஷியன்கள் புரொஃபைல் லைட் என்று சொல்லும் 12 வோல்ட் எல்.ஈ.டி. பட்டையைப் பொருத்தினோம். சுவரை ஒட்டி வைப்பதே வழக்கம் என்றார் வந்தவர். நான் கேட்டுக்கொண்டபடி அலமாரியின் முன்விளிம்பை ஒட்டி, வெளியே தெரியாதபடி ஒரு சிறு மரச்சட்டத்துக்குப் பின்னால் வைத்துக் கொடுத்தார். முன்னால் வைத்தால் வெளிச்சம் நறுக்கும் இடத்தில் நேராக விழுகிறது, சட்டம் இருப்பதால் கண்ணில் அடிப்பதில்லை. கறுப்பு கிரானைட் மேடை உள்ள வீட்டில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பால்வெள்ளை மூடி இல்லாத பட்டையை மாட்டினால், அதன் ஒவ்வொரு புள்ளியும் கண்ணாடியில் தெரிவதுபோல மேடையில் பளபளத்துக் கண்ணை உறுத்தும். அடுப்புக்கு நேர் மேலே பட்டையை நீட்ட வேண்டாம். சூடும் எண்ணெய்ப் புகையும் அதைச் சீக்கிரமே கெடுத்துவிடும். சுவிட்சை ஈரக் கை படும் தொட்டியிலிருந்து தள்ளி வைப்பது கட்டாயம்.

வயதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இருபது வயதுக் கண்ணின் விழித்திரையை அடையும் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையை அடைகிறது என்பார்கள். ஆகவே நமக்குப் போதும் என்று தோன்றுவதை வைத்துப் பெற்றோருக்கான விளக்கைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அவர்களையே அந்த இடத்தில் நிற்கவைத்து, அவர்கள் செய்யும் வேலையைச் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

மகளின் படிப்பு மேசைக்கு விளக்கு வாங்கியபோது, வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு இடப்புறம் வைக்க வேண்டும் என்ற வழக்கமான அறிவுரை எங்களுக்குப் பொருந்தவில்லை, ஏனெனில் அவள் இடக்கையால் எழுதுபவள். விளக்கு வலப்புறம் வந்தது. அமர்ந்திருக்கும்போது உள்ளிருக்கும் பல்பு கண்ணில் படாதபடி மூடியின் விளிம்பு தாழ்ந்திருக்க வேண்டும். மின்செலவைச் சொல்லும் வாட்டை விட, விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தைச் சொல்லும் லூமெனைப் பார்த்து வாங்குவதே சரி. ஒரு சதுர மீட்டரில் விழும் ஒரு லூமென் ஒரு லக்ஸ். எழுதவும் படிக்கவும் ஐரோப்பிய அலுவலகத் தரநிலை கேட்பது 500 லக்ஸ். 450 லூமென் தரும் 5 வாட் மேசை விளக்கை அருகே வைத்தால் நோட்டுப் புத்தகத்தின் மேல் அந்த அளவு எளிதில் கிடைத்துவிடும். அறை விளக்கை மட்டும் அணைத்துவிடக் கூடாது. சுற்றிலும் இருட்டாக இருக்கும்போது வெள்ளைத் தாளையும் இருளையும் மாறி மாறிப் பார்க்கும் கண் விரைவில் களைத்துப்போகும்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புடவைக் கடையில் எடுத்த புடவையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்க்காத பெண்களை நான் கண்டதில்லை. கடை விளக்கின் நிறத்தை அவர்கள் நம்புவதில்லை, அது சரியும்கூட. பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று அச்சிட்டிருக்கும் எண், ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு. அதன் உச்சம் 100. பெரும்பாலான விளக்குகள் 80 என்ற அளவில் நிற்கின்றன. தையல் மெஷினுக்கு மேல் மாட்டுவதற்கு 90-க்கு மேலுள்ளதைத் தேடி வாங்கினேன். அரக்கு நூலும் பழுப்பு நூலும் இரவில் தனித்தனியாகத் தெரிய அது உதவுகிறது. கெல்வின் எண் வேறு, அது வெளிச்சத்தின் சாயலைச் சொல்வது. 2700 மஞ்சள், 6500 நீலம் கலந்த வெள்ளை. வேலை செய்யும் இடங்களுக்கு நான் 4000-ஐத் தேர்ந்தெடுத்தேன். நம் ஊரில் எல்லா அறைக்கும் 6500 மாட்டும் வழக்கத்தை, குறைந்தது படுக்கையறையிலாவது விட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

வாங்குவதற்கு முன் கடையிலேயே கைபேசியின் ஸ்லோமோஷன் கேமராவை விளக்கின் முன் பிடித்துப் பாருங்கள். பட்டை பட்டையாக வெளிச்சம் துடித்தால் அதை வாங்க வேண்டாம்.

அம்மாவின் கட்டிலருகே 2700 கெல்வினில் 3 வாட் விளக்கு ஒன்று இருக்கிறது. மாத்திரை அட்டையின் சிறிய எழுத்தைப் படிக்க அது அவருக்குப் போதுகிறது. அதன் வயரில் இருந்த சுவிட்ச் இரவில் கட்டிலுக்குப் பின்னால் விழுந்துவிடுவதும், அவர் இருட்டில் துழாவுவதுமாக ஒரு வாரம் போயிற்று. இப்போது அதைத் தலைமாட்டுச் சட்டத்தில், படுத்தபடியே அவர் விரல் போய்த் தொடும் இடத்தில் இரண்டு திருகாணிகளால் இறுக்கிவிட்டேன்.