குண்டு எழுத்தோடு வேலை

கையால் வரைந்தது போன்ற தடித்த எழுத்துரு, பெரும்பாலும் ஒரே எழுத்து அடுத்தடுத்து வரும்போதுதான் மாட்டிக்கொள்ளும். கையால் எழுதினால் இரண்டு ‘க’ ஒன்றுபோல் விழாது. தட்டச்சில் அச்சு அசலாக விழும். தமிழில் இந்தத் தொல்லை அதிகம். பட்டம், பக்கம், அம்மா என எதை எடுத்தாலும் ஒற்றும் உயிர்மெய்யும் ஒட்டிக்கொண்டு நிற்கும். போஸ்டர் அளவுக்குப் பெரிதாக்கியதும் முதலில் கண்ணில் படுவது இதுதான்.

நல்ல ஃபான்ட்டாக இருந்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு மூன்று மாற்று வடிவங்கள் இருக்கும். பக்கத்து எழுத்தைப் பார்த்து அவற்றை மாற்றிப் போடும் வசதி ஓப்பன்டைப் என்ற எழுத்துருக் கோப்பு வடிவத்திலேயே உண்டு. இல்லையென்றால் தலைப்பை அவுட்லைனாக மாற்றி ஒன்றைச் சாய்ப்பேன், இன்னொன்றின் வயிற்றைக் கொஞ்சம் பெருக்க வைப்பேன். பிழைதிருத்தம் முடிந்து ஒப்புதல் வந்த பிறகுதான் இதில் கை வைப்பது. அவுட்லைன் ஆனபின் அது வெறும் படம். ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தாலும் தட்டிச் சேர்க்க முடியாது.

அட்டை, பொம்மைப் பெட்டி, ஸ்டிக்கர், அனிமேஷன் தலைப்பு என இரண்டு மூன்று சொற்களோடு முடிகிற இடங்களில் இந்த எழுத்து துள்ளும். அது பிடித்துப்போன கிளையண்ட் அடுத்து கேட்பது, “உள்ளே இருக்கும் மேட்டரையும் இதிலேயே போட்டுடுங்களேன்.” நான் வாதாடுவதில்லை. ஒரு பத்தியைச் சின்ன அளவில் அடித்து அச்செடுத்துக் கையில் கொடுத்துவிடுவேன். தடித்த கோடுகள் உள்வெளியை அடைத்திருக்கும்; மூன்று சுழி ‘ண’வா, இரண்டு சுழி ‘ன’வா என்று தாளைக் கண்ணருகே கொண்டுபோவார்கள். அதன்பின் அலட்டாத ஒரு எழுத்துருவுக்குச் சம்மதம் கிடைத்துவிடும். மருந்தளவு, எச்சரிக்கை, நிபந்தனைகள் என்றால் அந்தச் சோதனைகூடக் கிடையாது, நேரடியாக மறுப்புதான்.

காமிக் சான்ஸ் என்ற ஆங்கில எழுத்துருவை எல்லோரும் திட்டுவார்கள். எனக்கு அதன்மேல் கோபமில்லை. மைக்ரோசாஃப்ட் பாப் என்ற மென்பொருளில் ஒரு கார்ட்டூன் நாய் டைம்ஸ் நியூ ரோமனில் பேசுவதைப் பார்த்த எழுத்துரு வடிவமைப்பாளர் வின்சென்ட் கொனாரே, பேச்சுக் குமிழுக்காக 1994இல் வரைந்தது அது. அலுவலகச் சுற்றறிக்கைகளில் கொண்டுபோய் உட்கார வைத்தது நாம்தானே!

இரண்டு வரித் தலைப்பில் தமிழ் தனி விளையாட்டு காட்டும். மேல்வரி ‘கூ’வின் வால் கீழே இறங்கும்; கீழ்வரியின் புள்ளியும் ‘கீ’யின் கொக்கியும் மேலே முட்டும். வரி இடைவெளியைக் கூட்டினால் தலைப்பு இரண்டு துண்டாகத் தெரியும். சில நேரம் சொல்லை வேறு இடத்தில் உடைத்துப் பார்ப்பேன். சரிவராவிட்டால் கீழ்வரிப் புள்ளியை நகர்த்தி அந்த வாலின் வளைவுக்குள்ளேயே உட்கார வைத்துவிடுவேன். பத்திகளுக்கான சாதாரண எழுத்தில் செய்தால் பிழை என்பார்கள். இந்தக் குண்டு எழுத்தில் வேண்டுமென்றே செய்த குறும்பாக எடுத்துக்கொள்கிறார்கள்.