தேங்காய் எண்ணெயில் சாக்லேட் கேக்: வார இறுதிப் பரிசோதனை

கனமான சாக்லேட் கேக் என்றாலே வெண்ணெய் வேண்டும் என்பார்கள். நாகர்கோவிலில் என் வீட்டு அடுக்களையில் சனி, ஞாயிறுகளில் இரண்டு விதமாகவும் செய்து பார்த்தேன். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய்க்கே என் ஓட்டு.

வெண்ணெயில் செய்தது ருசிக்குக் குறைவில்லை. ஆனால் ஆறியதும் கொஞ்சம் இறுகியது, மறுநாள் இன்னும் வறண்டது. எண்ணெய் கேக் திங்கட்கிழமை காலையிலும் ஈரமாகவே இருந்தது. காரணம் எளிது. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே போனால்தான் உறையும். நம்மூர் வீட்டுக்குள் அந்தக் குளிர் எங்கே வருகிறது? எண்ணெய் இளகியே இருக்கும், கேக்கும் மெத்தென்று இருக்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால் மட்டும் கட்டியாகிவிடும். சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும்.

எண்ணெய்க் குப்பியை எடுத்ததுமே அம்மா, “மக்களே, கேக்குலயா வெளிச்செண்ணெய ஊத்துற? மீன் பொரிச்ச வாடை வருமே” என்றார்கள். புதிதாக ஆட்டிய எண்ணெயாக இருந்தால் வாடையே வராது. கொக்கோ மணத்துக்கு அடியில் லேசாகத் தேங்காய் தெரியும், அவ்வளவுதான். நம் மாவட்டத்திலேயே தென்னைக்கு ஊடுபயிராகக் கொக்கோ வளர்க்கிறார்கள். தோப்பில் சேர்ந்து வளர்கிறவை கேக்கிலும் சேர்வதில் எனக்குத் தனி சந்தோஷம்.

8 இஞ்ச் வட்டத் தட்டு ஒன்றுக்கு நான் எடுக்கும் அளவு: மைதா 150 கிராம், சர்க்கரை 200, கொக்கோ தூள் 45, சமையல் சோடா ஒரு டீஸ்பூன், பேக்கிங் பவுடர் அரை, உப்பு அரை, முட்டை 2, எண்ணெய் 90 மில்லி, புளித்த கெட்டி மோர் 130, பால் சேர்க்காத சூடான கட்டன் காப்பி 130. மாவையும் கொக்கோவையும் கட்டாயம் சலிக்க வேண்டும். ஆனி, ஆடிச் சாரல் நேரத்தில் கொக்கோ ஈரம் இழுத்துக் கட்டி கட்டியாக நிற்கும், எவ்வளவு கலக்கினாலும் கரையாது.

கொக்கோ வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். சாதாரண கொக்கோவில் இயல்பாகவே புளிப்பு உண்டு. அதுவும் மோரும் சோடாவோடு சேரும்போதுதான் கேக் பொங்கும். காரப்பொருள் (ஆல்கலி) சேர்த்துப் பதப்படுத்திய கொக்கோ கருப்பாக, பார்க்க அழகாக இருக்கும். சேர்பொருளில் 501 என்ற எண் இருந்தால் பெரும்பாலும் இந்த வகைதான். அதில் புளிப்பு போயிருக்கும், சோடாவை மட்டும் நம்ப முடியாது, பேக்கிங் பவுடரைக் கூட்ட வேண்டியிருக்கும். இந்த அளவுக்கு நான் சாதாரண கொக்கோதான் வாங்குகிறேன்.

முட்டையும் மோரும் குளிர்ச்சியாக இருக்கவே கூடாது. குளிர்ந்த மோர் பட்டதுமே தேங்காய் எண்ணெய் குருணை குருணையாக உறைந்துவிடும். முதலில் எண்ணெய், சர்க்கரை, முட்டை, மோர். அப்புறம் சலித்த மாவு. கடைசியில் கொதிக்கக் கொதிக்கக் காப்பி. அந்தச் சூட்டில்தான் கொக்கோவின் மணம் முழுதாக எழும்பும். காப்பி ருசி தனியாகத் தெரியாது, சாக்லேட்டின் கசப்பைத் தூக்கிக் கொடுக்கும். மாவு ஆப்ப மாவு போல நீர்க்க இருக்கும். பயந்து மைதாவைக் கூட்டிவிடாதீர்கள், கேக்கின் ஈரமே அதில்தான் இருக்கிறது. ஓடிஜி என்ற சிறிய மின் அடுப்பில் 170 டிகிரி, 40 முதல் 45 நிமிடம்.

மூன்று கிராம்பை நுணுக்கிப் போட்டதும் இந்த வாரம் கூடுதலாகச் செய்ததுதான். மாறாமலைப் பக்கம் விளையும் கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எண்ணெய்ச் சத்து அதிகம், அதனால் மூன்றுக்கு மேல் போட்டால் கேக்கை அதுவே ஆண்டுவிடும்.

மேலே ஊற்றும் கனாஷ் என்ற சாக்லேட் கலவைக்கு கிரீமுக்குப் பதில் தேங்காயின் ஒன்றாம் பால். 200 கிராம் டார்க் சாக்லேட்டுக்கு 110 மில்லி போதும். பாதிக்குப் பாதி ஊற்றினால் நம் வெயிலில் கேக்கின் மேல் நிற்காமல் ஓடிவிடும். பாலைக் கொதிக்க விடாமல், ஓரத்தில் ஆவி வந்ததும் இறக்கி, நறுக்கிய சாக்லேட்டின் மேல் ஊற்றி, ஐந்து நிமிடம் தொடாமல் விட்டு நடுவிலிருந்து மெதுவாகக் கலக்கினால் பளபளவென்று வரும். காம்பவுண்ட் சாக்லேட் வேண்டவே வேண்டாம். அதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு, நாக்கில் மெழுகாக ஒட்டும். கொக்கோ வெண்ணெய் நம் உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழேயே உருகிவிடும், அதனால்தான் நல்ல சாக்லேட் வாயில் வைத்ததும் கரைகிறது.

மைனி (அண்ணி) ஒரு துண்டு தின்றுவிட்டு, “இதுல நெய்யா போட்ட?” என்று கேட்டார்கள். அம்மா ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது துண்டு எடுத்தார்கள்.

அடுத்த வாரம் சர்க்கரையில் பாதிக்குக் கருப்பட்டி. அதில் ஈரம் கூடுதல் என்பதால் மோரை 20 மில்லி குறைக்கப் போகிறேன். கருப்பட்டியைக் காப்பியிலேயே கரைத்து வடிகட்டிவிட்டால் மண்ணும் தூசும் போய்விடும்.