ஒரு வெள்ளைப் பட்டைக்காகப் பட்ட பாடு

ஜெல்லில் ஒரு வெள்ளைப் பட்டை விழ எனக்கு மூன்று மாதம் ஆனது. ஜெலட்டின் கலந்த ஜெல்லில் சாம்பிளை ஓட்டி, என்சைம் அதைத் தின்ற இடத்தைப் பார்க்கும் ஜைமோகிராஃபியில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். கொஞ்சம் வயிற்றெரிச்சலைக் கொட்டவும்தான்.

வேலை என்னவோ எளிதாகத்தான் தெரிந்தது. மூளையில் அழற்சி வந்தால் எம்எம்பி-9 என்ற புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் என்சைம்) ஏறும். ரத்தநாளங்களின் அடிச்சவ்வில் உள்ள நான்காம் வகை கொலாஜனையும், செல்களை இறுக்கித் தைத்திருக்கும் ஆக்லூடின், கிளாடின்-5 புரதங்களையும் வெட்டும். ரத்த-மூளைத் தடுப்பு கசிய ஆரம்பிக்கும். எல்பிஎஸ் (அழற்சியைக் கிளப்பும் பாக்டீரியாப் பொருள்) ஊசி போட்ட சுண்டெலி மூளையில் இதைக் காட்ட வேண்டும். நெறிமுறைக் குழு அனுமதி, ஊசி, திசு எடுப்பது எல்லாம் மளமளவென்று முடிந்தன.

முதல் ஜெல்லை இரவு முழுக்க 37 டிகிரியில் வைத்து, காலையில் குமாசி என்ற நீலச் சாயம் ஊற்றி, அதிகப்படிச் சாயத்தைக் கழுவி (டிஸ்டெயின்) லைட் பாக்ஸில் வைத்தேன். ஓரத்துக்கு ஓரம் நீலம். என்சைம் ஜெலட்டினைத் தின்ற இடம்தான் வெளுக்க வேண்டும். இங்கே ஒரு புள்ளிகூட வெளுக்கவில்லை. காரணம் உடனே பிடிபட்டது. வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தைக் குலைத்து ஓட்டி அடையாளம் காணும் முறை) செய்து பழகின கை, புரதப் பிணைப்பை உடைக்கும் மெர்காப்டோஎத்தனால் கலந்த லோடிங் பஃபரை ஊற்றி 95 டிகிரியில் ஐந்து நிமிடம் வேகவைத்திருக்கிறது. செத்த என்சைம் எதைத் தின்னும்?

அடுத்த மூன்று ஜெல்களிலும் வேகவைக்கவில்லை, மெர்காப்டோவும் இல்லை. அப்படியும் நீலம். சாம்பிளைக் கூட்டினேன். ஜெலட்டினைப் புதிதாகக் கரைத்தேன். ஜெல் ஓட்டப் போட்ட, என்சைமைக் குலைக்கும் எஸ்டிஎஸ் சோப்பு போகவில்லையோ என்று, அதை நீக்கும் டிரைட்டன் கழுவலை இரண்டு மடங்காக்கினேன். ஒவ்வொரு முயற்சிக்கும் மூன்று நாள் காலி. என்சைமுக்கு வேண்டிய ஜிங்க் தரும் ஜிங்க் குளோரைடு கெட்டுவிட்டதோ என்று புது டப்பா கேட்டு ஸ்டோருக்குப் போனால், "பழைய டப்பா தீர்ந்ததுக்குக் கையெழுத்து எங்கே?" என்றார் அங்கிருந்தவர். தீரவில்லை, கெட்டுப்போயிருக்கலாம் என்றேன். அதற்கு ஃபார்மில் கட்டம் இல்லையாம். மூன்று நடை நடந்துவிட்டு, பக்கத்து லேபில் கடன் வாங்கினேன்.

ஜிங்க் பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை. ஜெல்லை இரவு முழுக்க ஊறவைக்கும் டெவலப்பிங் பஃபருக்கு நான் எடுத்த '1 மோலார் டிரிஸ்' பாட்டில்தான் திருடன். லேபிளில் பாதி, ஈரம் பட்டு அழிந்திருந்தது. சீனியர் அக்கா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது டிஎன்ஏக்காரங்க வெச்சிருக்கிற நூறு மடங்கு டிஇ. இதையா ஊத்தினே?" என்றார். டிஇ என்பது டிரிஸும் ஈடிடிஏவும் சேர்ந்த கரைசல். டிரிஸ் 1 மோலார் என்பது சரி. கூடவே, உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ 100 மில்லிமோலார். இருபதில் ஒரு பங்காகக் கரைத்தால் 5 மில்லிமோலார். என்சைமுக்காக நான் போட்ட கால்சியமும் 5 மில்லிமோலார். சரிக்குச் சரி! கால்சியத்தையும், என்சைமின் மையத்தில் உட்கார்ந்திருக்கும் ஜிங்கையும் அது வாரிக்கொண்டு போயிருக்கிறது.

புது பஃபரில் பட்டை விழுந்தது. ஆனால் வெறும் உப்புநீர் ஊசி போட்ட எலிகளிலும் விழுந்தது. கைடு ஒரே கேள்விதான் கேட்டார்: "பெர்ஃப்யூஷன் பண்ணியா?" நாளங்களிலிருந்து ரத்தத்தைக் கழுவி வெளியேற்றும் அந்த வேலையை நான் பண்ணவில்லை. நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் எம்எம்பி-9ஐச் செய்து முடித்துத் துகள்களில் பொதிந்தே வைத்திருக்கும். மூளை நாளங்களில் தங்கிய ரத்தத்தோடு அதையும் சேர்த்து அரைத்திருக்கிறேன். மொத்த எலிகளும் வீண். மற்றதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன்; இது மட்டும் இன்னும் உறுத்துகிறது. தயவுசெய்து இதயம் வழியாக உப்புநீர் செலுத்தி, கல்லீரல் வெளுத்த பிறகே மூளையை எடுங்கள்.

இரண்டாம் சுற்றில் பட்டை சுத்தமாக வந்தது. ஆனால் எதிர்பார்த்த 92 கிலோடால்டனில் (புரதத்தின் எடை அளவு) இல்லை; 100க்கு மேலே. ஒரு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, 92 மனித என்சைமின் அளவு. சுண்டெலியின் புரோ-எம்எம்பி-9 (இன்னும் பூட்டியிருக்கும் வடிவம்) சுமார் 105. இதை எல்லாரும் எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

காட்டினால் கைடு அடுத்த குண்டைப் போட்டார். "இது புரோ வடிவம். மூளைக்குள்ளே இது வேலை செஞ்சதுன்னு எப்படிச் சொல்வே?" நியாயம்தான். எஸ்டிஎஸ், மடிப்பைக் குலைத்து, வெட்டாமலே புரோ வடிவத்தின் பூட்டைத் திறந்துவிடும். திசுவில் என்சைமை அடக்கி வைத்திருக்கும் டிம்ப்-1 கூட ஜெல்லில் ஓடும்போது பிரிந்து போய்விடும். ஜெல்லில் பட்டை இருந்தால் என்சைம் இருக்கிறது என்றுதான் அர்த்தம். மூளையில் அது வெட்டிக்கொண்டிருந்தது என்று ஆகாது. அதற்கு இன்-சிட்டு ஜைமோகிராஃபி வேண்டும்: வெட்டுப்பட்டால் மட்டும் பச்சையாக ஒளிரும் ஜெலட்டினைத் திசுச் சீவல்மேல் ஊற்றிப் பார்ப்பது. மீதி வைத்திருந்த பாதி மூளைகளை 'பத்திரமாக', திசுவைப் பதப்படுத்தும் பாராஃபார்மால்டிஹைடில் போட்டிருந்தேன். அதில் செயல்பாட்டைத் தேடுவது ஊறுகாயை நட்டு முளைக்கப் பார்ப்பது மாதிரி. நல்லவேளை, மூன்று மூளைகள் ஃபிக்ஸ் செய்யாமல் நேராக ஃப்ரீசருக்குப் போயிருந்தன. சோம்பேறித்தனம் காப்பாற்றியது.

இருட்டறையில் ரத்தநாளங்களை ஒட்டிப் பச்சை தெரிந்தபோது மணி இரவு பதினொன்று. எழுப்பிக் காட்ட ஆள் இல்லை.

ஒரு வேலை பாக்கி இருந்தது. வெட்டுவது உலோகம் இல்லாமல் ஓடாத மெட்டலோபுரோட்டியேஸ்தானா, உலோகம் தேவைப்படாத, பிளாஸ்மின் மாதிரி செரின் ரகமா? ஜெல்லை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைச் சரியான பஃபரிலும், மறு பாதியை, அலமாரியிலிருந்து அந்த அழிந்த லேபிள் பாட்டிலை நானே தேடி எடுத்துக் கலந்த பஃபரிலும் ஊறவைத்தேன். காலையில் ஒரு பாதியில் பட்டைகள். மறு பாதி ஓரத்துக்கு ஓரம் நீலம்.